தூதரகம் தேடிய நைனா

"இங்க மிஸ்டர் நைனா யாருங்க?"

கேட்டவர் டை கட்டியிருந்தார். ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில், கத்திரி வெயிலில், ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் ஒன்று ஜப்திக்கு வந்திருக்க வேண்டும், இல்லை வழி தவறி வந்திருக்க வேண்டும். இவர் இரண்டும் இல்லை. இவர் தூதரகத்திலிருந்து வந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா. மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் பேண்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி வந்தார். கார் உள்ளே நுழைய முடியவில்லை. முனையில் ஐஸ் வண்டி நின்றது. எங்கள் ஊரில் ஐஸ் வண்டிக்காகத் தூதரகம் காத்திருக்கும். தூதரகத்துக்காக ஐஸ் காத்திருக்காது.

டை கட்டியவர் கேட்டதுதான் தாமதம். டீக்கடை ஜெகன் கையில் டபராவோடு திரும்பினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டை தூக்கும் ஆறுமுகம் திரும்பினார். முனையிலிருந்து ஐஸ் வண்டிக்காரர், "யாரு, நானா?" என்று குரல் கொடுத்தார். பக்கத்து பிரஸ்ஸுக்குள்ளிருந்து அதன் முதலாளி தனசேகர் மை ஒட்டிய விரல்களோடு எட்டிப் பார்த்து, "இன்னா நைனா?" என்றார்.

திரும்பாதவர் ஒருவர்தான். பெஞ்சின் கோடியில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரமேன். வந்தவர்கள் தேடியது அவரைத்தான்.

நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஐஸ் வண்டியைப் பார்த்தேன்.

கைதான மெஷின்

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில். போன வாரம் போன் செய்தார். "உங்க தொடர்ல எல்லாரும் கீது, கினுன்னே பேசறாங்களே, படிச்சவங்க யாரும் கிடையாதா?" என்று கேட்டார். ஐயா, எம்.ஏ. படித்தவரும் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கீது என்றுதான் சொல்வார். சினிமாவில் அதை வைத்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அந்தப் பாஷை ஒரு முறை ஒரு மனுஷனைக் காப்பாற்றியது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நாலே பக்கம் என்பதால் "நாலுபக்கம்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், பேப்பர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வரைக்கும் போய்ப் போடுபவர், எல்லாம் நான்தான். என் பெயர் வசந்தா. அதையும் யாரும் சொல்வதில்லை. நான் பேப்பரக்கா.

அத்திப்பட்டில் துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது, நெட்டுக்குப்பத்தில் கழிமுகம் தூர்ந்து படகு தட்டுகிறது, கன்டெய்னர் லாரி வரிசையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. இவைதான் எங்கள் செய்திகள். வெளிநாட்டு விவகாரம் என்றால் எங்களுக்கு வால்டாக்ஸ் ரோடு தாண்டினாலே வெளிநாடு.

அச்சடித்தது தனசேகர் பிரஸ்ஸில். வாசலிலேயே காலால் மிதித்து அச்சடிக்கிற ஒரு பழைய மிதி மெஷின் நிற்கும். ஓடாது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான். ஏன் என்று கேட்டால் தனசேகர் தாத்தா காலத்துக் கதையைச் சொல்லுவார். வெள்ளைக்காரன் ஆண்டபோது ஏதோ ஒரு துண்டுப் பிரசுரம் அடித்ததற்காக இன்ஸ்பெக்டர் வந்தாராம். "எழுதினது யார்?" என்று மிரட்டினாராம். தாத்தா, "எழுத்துக் கோத்தவன் படிக்கலை, மை தடவுன நானும் படிக்கலை. படிச்சது மெஷின் ஒண்டிதான், அத்தக் கேளு" என்றாராம். கோபத்தில் இன்ஸ்பெக்டர் மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார். விடுதலையாகி வந்தபோது உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்ததாம்.

"எங்க குடும்பத்துல ஜெயிலுக்குப் போன ஒரே ஆளு அதான்" என்பார் தனசேகர். நான் இந்தக் கதையை நூறு முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் இன்ஸ்பெக்டரின் மீசை கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

தேநீர் வேண்டும், ஐயா

ரமேன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காட்டுப்பள்ளியில் பழுது பார்க்க வந்திருந்த ஒரு சரக்குக் கப்பலில் அவர் ஃபிட்டர். நாற்பது வயதிருக்கும். நம் நிறம், நம் மூக்கு, நம் நெற்றி. பார்த்தால் தண்டையார்பேட்டை ஆள் என்றே நினைப்பீர்கள். ஜெகன் கடை முன்னால் வந்து கையைக் கூப்பி, "ஐயா, எனக்கு ஒரு தேநீர் வேண்டும்" என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. ஆறுமுகம் மெதுவாக, "யாருடா இது, ரேடியோவா?" என்றார்.

விஷயம் இதுதான். ரமேனின் ஊர் தூரத்துக் கடலில் ஒரு சின்னத் தீவு. அவருடைய தாத்தாவின் அப்பாவைக் கரும்பு வெட்டக் கப்பலேற்றியது இந்த மதராஸ் துறைமுகத்திலிருந்துதான். அந்தத் தீவில் தமிழ் வீட்டிலிருந்து போய்விட்டது. கோயில் பாட்டிலும், சாயங்கால வகுப்புப் பாடப் புத்தகத்திலும்தான் மிச்சம். அதனால் ரமேனுக்குத் தேநீர் தெரியும், டீ தெரியாது. கப்பல் ஏறிய இடத்தைப் பார்க்க வேண்டுமென்று எண்ணூர் வழியாக மூன்று ஆட்டோ மாறி வந்திருந்தார்.

ஜெகன் டீயை ஆற்றி நீட்டினான். "இந்தா நைனா. சக்கரை பத்தலன்னா சொல்லு."

ரமேன் கிளாஸை வாங்கவில்லை. அப்படியே நின்றார். "நீங்கள்... என்ன சொன்னீர்கள்?"

"சக்கரை பத்தலன்னா..."

"அதற்கு முன்னால்."

"நைனான்னேன். இன்னா தப்பு?"

ரமேன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்களாம். பாடப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. தமிழ் வாத்தியாரிடம் கேட்டதற்கு, அப்படி ஒரு சொல்லே கிடையாது, உங்கள் வீட்டில் யாரோ உளறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாராம். தன் வீட்டு உளறல் என்று அவர் நினைத்திருந்த சொல்லை, கடல் தாண்டி வந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒரு டீக்கடைக்காரன் வாயில் கேட்டிருக்கிறார்.

"இங்க நாயக் கூட நைனான்னுதான் கூப்புடுவோம், அளுவாத" என்று ஆறுமுகம் சமாதானம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அன்றிலிருந்து கப்பலில் விடுப்புக் கிடைத்த போதெல்லாம் ரமேன் எங்கள் பெஞ்சில்தான். ஜெகன் அவருக்கு "இன்னா" சொல்லப் பழக்கினான். எவ்வளவு முயன்றும் "என்ன" என்றுதான் வந்தது. "நாக்குக்கு இஸ்திரி போட்டுட்டானுங்க" என்று ஜெகன் தலையில் அடித்துக்கொள்வான்.

கவர்னருக்குக் கோபம்

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயமில்லை, சொன்னால் மறுபடியும் டை கட்டிக்கொண்டு யாராவது வருவார்கள்.

இந்தக் காலத்திலும் காலனி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். இருக்கிறது. எங்கோ இருக்கிற ஒரு நாடு அனுப்பிவைக்கிற கவர்னர் அங்கே ஆளுகிறார். அவரை எதிர்த்து எழுதுகிற பத்திரிகைகள் இரண்டு. அதில் ஒன்றை நடத்துவது ரமேனின் அக்கா. மீனவர்களின் கடற்கரையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இன்னொரு பத்திரிகை, கவர்னர் குளியல் தொட்டியில் தீவை மிதக்கவிட்டு விளையாடுகிற மாதிரிப் படம் போட்டிருக்கிறது. இரண்டின் மேலும் வழக்கு. அரசாங்கத்தை அவமதித்தார்களாம். இரண்டு அச்சகத்துக்கும் பூட்டு.

பத்திரிகைக்காரர்கள் இந்திய வம்சாவளி என்பதால் டெல்லி மெல்ல ஒரு கேள்வி கேட்டது. எங்கள் வீட்டு விவகாரத்தில் தலையிடாதே என்று அந்த நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கிருந்து வரவேண்டிய ஒரு மந்திரி வரவில்லை. பெரிய பத்திரிகைகளில் இது உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வந்தது. நான் அதில்தான் வடை மடித்துக்கொண்டிருந்தேன்.

ரமேன் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "என் அக்காவின் அச்சகத்துக்குப் பூட்டு. உங்கள் அச்சகத்துக்குப் பூட்டு இல்லை. அங்கே நடப்பதை அச்சிடுவீர்களா?"

"உங்க பேரு?"

"வேண்டாம். தெரிந்தால் என்னைக் கப்பலிலிருந்து இறக்கி ஊருக்கு அனுப்புவார்கள். விமானத்திலிருந்து நேராகச் சிறை. அக்காவின் வழக்கு ஒற்றை ஆள் வழக்கு. என்னோடு சேர்ந்தால் அது சதி வழக்கு."

பெரிய பத்திரிகை என்றால் "பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்" என்று போடுவார்கள். எனக்கு அந்தத் தொடரே பிடிக்காது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறவன் மாதிரி இருக்கும். எனக்கு வந்தபடி எழுதினேன்: "டீக்கடையில் நம்ம நைனா சொன்னார்." தந்திரம் எல்லாம் ஒன்றும் இல்லை. நாங்கள் பேசுவது அப்படி. தலைப்பு: கவர்னருக்குக் கோபம், பேப்பருக்குப் பூட்டு.

நைனா யாரு?

யாரோ அதை செல்போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். அது சிங்கப்பூர் போனது, எங்கெங்கோ சுற்றித் தீவுக்கே போய்ச் சேர்ந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்கூட எங்கள் நாலுபக்கத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து அங்கே துறைமுகச் சுவரில் ஒட்டினார்களாம். இப்படி ஒரு விற்பனை எனக்கு ராயபுரத்தில் வாய்த்ததே இல்லை.

அடுத்த வாரம் எனக்கு ஒரு போன். "மேடம், உங்க செய்தியில வர்ற நைனா யாரு?"

யாரோ கலாய்க்கிறார்கள் என்று நினைத்தேன். "நைனா யாரா? உங்கப்பா!" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது அந்த நாட்டுத் தூதரகம் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் ஒரு தூதரகத்திடம் உங்கப்பா என்றிருக்கிறேன். தனசேகர் மிதி மெஷினைத் தடவிக்கொடுத்து, "நைனா, ரெடியாகு. உன்னியத் தூக்க வர்றாங்க" என்றார்.

மெஷினைத் தூக்க வரவில்லை. ரமேனைத் தேடி வந்தார்கள். கப்பல் கிளம்ப இரண்டு மூன்று நாளே இருந்தது. விடைபெறுவதற்காக அவர் அன்றைக்குப் பார்த்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதே சந்து, அதே வெயில்

டை கட்டியவர் என்னிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பெயர் ஹமீது, தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். அந்த அம்மா துணைத் தூதர். "மிஸ்டர் நைனாவோட முழுப்பேரு மட்டும் தெரிஞ்சாப் போதும். நைனா முகம்மதா? எங்க பெரியத்தா பேருகூட அதான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஊரில் நைனா என்பது ஆளின் பெயர். அந்த மனிதர் என் செய்தியை அப்படியே படித்து, "மிஸ்டர் நைனா கூறுகிறார்" என்று மொழிபெயர்த்து மேலே அனுப்பியிருக்கிறார். அங்கே அதற்கு ஒரு கோப்பே திறந்திருப்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆறுமுகம் கத்தினார். "நைனா, ஒரு டீ சொல்ட்டு எம்மா நேரம் குந்திகினு கீறது?"

"தோ வந்துட்டேன் நைனா" என்றான் ஜெகன்.

துணைத் தூதர் அம்மா சட்டென்று ஜெகனைக் காட்டி, இவர்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹமீது ஆம் என்று தலையாட்டப் போனார். அதற்குள் ஐஸ் வண்டிக்காரர் உள்ளே வந்து ஆறுமுகத்தின் தோளில் தட்டி, "நவுரு நைனா, குந்தணும்" என்றார். அந்த அம்மாவின் விரல் ஆறுமுகத்துக்குப் போனது. தனசேகர் வெளியே வந்து ஐஸ் வண்டிக்காரரை, "நைனா, முதல்ல வண்டிய எடு, பேஜாரு பண்ணாத" என்றார். விரல் அங்கே போனது. பிறகு பாவம், அந்த விரல் எங்கே போவது என்று தெரியாமல் காற்றிலேயே நின்றது.

ஜெகன் சொன்னதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்த இடம். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. பெஞ்சின் கோடியைப் பார்த்து, "நைனா, டீ ஆறிப் பூடும், குடி" என்றான்.

ஹமீது ரமேனைப் பார்த்தார். மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். மற்ற எல்லோரும் ஹவாய் செருப்பு. ரமேன் காலில் கப்பலில் போடுகிற கனத்த பூட்ஸ்.

"நீங்க யாருங்க?"

இந்த மனுஷன் இப்போது எழுந்து நின்று, கையைக் கூப்பி, "ஐயா, நான்..." என்று ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது. கவர்னருக்குச் சதி வழக்கு கிடைத்துவிடும்.

ரமேன் தலையைத் தூக்கினார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு சொன்னார்:

"இன்னா நைனா?"

அவ்வளவுதான். அந்த "இன்னா" இருக்கிறதே, காசிமேட்டில் பிறந்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான். ஜெகன் பூரித்துப் போய்ப் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டான்.

ஹமீது மறுபடி அந்த பூட்ஸைப் பார்த்தார். ஜெகன் ஒரு கிளாஸை அவர் கையில் திணித்து, "வெயில்ல வந்துகீற. உனுக்கு சக்கரை போடலாமா நைனா?" என்றான்.

நைனா என்ற அந்த ஒரு சொல் இதற்குள் துணைத் தூதர் அம்மாவுக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஹமீதைத் திரும்பிப் பார்த்து, "நீங்களுமா?" என்றார்.

ஹமீதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். இந்தச் சந்தில் எல்லோருமே நைனாதான், இப்போது தானும் சேர்ந்துவிட்டதாக ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் டீ வந்தது. இஞ்சி போட்டது. இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போகும்போது ஹமீது என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அறிக்கையில ஆளை அடையாளம் காண முடியலைன்னு எழுதிடறேன். அக்கா, அந்தக் கோடியில இருக்கிற நைனாகிட்ட அந்த ஷூவை மட்டும் மாத்தச் சொல்லுங்க."

அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். மனசாரச் சொல்கிறேன்.

கடைசியில்

ரமேன் கப்பலேறினார். போகும்போது காலில் ஆறுமுகத்தின் பழைய செருப்பு. பூட்ஸ் ஒரு மீன் கூடையில். டெல்லியும் அந்த நாடும் சில மாதங்களில் கை குலுக்கிக்கொண்டன. வராத மந்திரி வந்து மாலை போட்டுக்கொண்டு போனார். வழக்குகள் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் கோர்ட் பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டது. அக்காவின் பத்திரிகை மறுபடி வருகிறது.

பல மாதம் கழித்து, ஊருக்கே திரும்பி அக்காவோடு பத்திரிகையில் சேர்ந்துவிட்ட ரமேனிடமிருந்து செல்போனில் ஒரு குரல் பதிவு வந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

"பேப்பரக்கா, நல்லா கீறியா? எங்க பேப்பர்ல இப்ப வாரா வாரம் ஒருத்தரு கவர்னர கிழிகிழின்னு கிழிக்கிறாரு. கீழ பேரு, நைனா. நேத்து போலீசு வந்து கேட்டுச்சு, யாரு நைனான்னு. நானு சொன்னேன், சார், இங்க வூட்டுக்கு வூடு ஒரு நைனா கீறாரு, எந்த நைனா வோணும்?"

ஆறுமுகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெகன் மட்டும் டபராவை உயரத் தூக்கி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"அப்ப நம்மளத் தேடிகினு இங்கியும் வருவானுங்க. வரட்டும் நைனா, சக்கரை தூக்கலா போட்டு வெக்கிறேன்."